இரண்டாம் நாள் ஊழியம்

நல்ல சமாரியன் உவமையைக் கேட்டறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம் மறைமாவட்டத்தில் ஒன்றும் இராது. குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்ற குருவையும் லேவியனையும் நாம் அறிவோம். இரக்கங்கொண்டு அருகில் வந்து, காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டிய அந்நியனையும் அறிவோம். பிரசங்கங்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றன. உவமையோ இன்னும் சற்று நீளுகிறது. மறுநாள் அவன் தன் பயணத்தைத் தொடர வேண்டியவனாயிருந்தான். ஆகவே சத்திரக்காரனை அழைத்து, இரண்டு வெள்ளிக்காசைக் கையில் கொடுத்து, நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தீர்ப்பதாக வாக்களித்துச் சென்றான். முதல் நாள் அவன் செய்தது முதலுதவி. இரண்டாம் நாள் செய்தது, நோயாளி எங்கே தங்குவான், அவனை யார் பார்ப்பார், செலவை யார் கொடுப்பார், பிறகு யார் வந்து விசாரிப்பார் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கண்டுவிட்டுப் புறப்பட்டது.

இந்த இரண்டாம் நாள் ஊழியத்துக்கென்றே அமெரிக்க நாட்டில் ஒரு தனி உத்தியோகம் ஏற்பட்டிருக்கிறது. அதற்குக் ‘கேஸ் மேனேஜர்’ என்று பெயர். அதில் அமர்வோரில் மிகப் பெரும்பாலோர் அனுபவம் வாய்ந்த செவிலியர். அவர்களுள் ஒரு சாரார் மருத்துவமனைகளிலும், மற்றொரு சாரார் காப்பீட்டு நிறுவனங்களிலும் பணியாற்றுகின்றனர். செவிலியராய்க் கடல்கடந்து சென்ற பெண்மக்கள் நம் பங்குகளில் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு நடுத்தர வயது நெருங்கும்போது இவ்விரண்டில் எதைக் கொள்வது என்னும் கேள்வி எழுகிறது. எங்கள் இல்லத்திலும் அது எழுந்தது.

எங்கள் மகள் டெக்ஸாஸ் மாநிலத்து மருத்துவமனையொன்றில் 12 ஆண்டுகள் வார்டுப் பணி செய்தவள். நோயாளிகளைத் தூக்கிக் கிடத்தியதில் முதுகு வலுவிழந்தது. இரவுப் பணியால் பிள்ளைகளோடு இருக்கும் பொழுதும் குறைந்தது. அந்நிலையில் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகள் அவளைத் தேடி வந்தன. ஒன்று அதே மருத்துவமனையில் கேஸ் மேனேஜர் வேலை. மற்றது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அதே பெயருள்ள வேலை. நாங்கள் இருவரும் அப்பொழுது அவளோடு தங்கியிருந்தபடியால் எங்களைக் கேட்டாள். உறவினர் பலர் கேளாமலே சொன்னார்கள். “வீட்டிலிருந்தே வேலை, சனி ஞாயிறு விடுமுறை, இரவு விழிக்க வேண்டாம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காப்பீட்டு வேலைக்கே போகட்டும்” என்பதே அவர்கள் அனைவரின் தீர்ப்பு. அவளுடைய ‘சிஸ்டர் அத்தை’ ஒருவர் மட்டும் மாறுபட்டார். மிஷன் ஆஸ்பத்திரியில் 40 ஆண்டுகள் ஊழியஞ்செய்து ஓய்வு பெற்ற கன்னியர் அவர். தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: “பணம் கட்டுகிறவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, நோயாளி பக்கம் எப்படியம்மா பேசுவாய்?”

அக்கேள்வி எங்களைத் தூங்கவிடவில்லை. விடை காண வேண்டுமாயின் வேலை இன்னதென்று முதலில் அறிய வேண்டும் அல்லவா? மகளிடமும் அவளுடைய தோழியரிடமும் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம்.

ஒரு மூதாட்டியை எண்ணிக்கொள்வோம். கணவனை இழந்து தனியே வசிப்பவள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை மருத்துவர் அதைப் பொருத்திவிட்டார். இன்னும் சில நாளில் படுக்கையைக் காலி செய்ய வேண்டும். அவள் நடை பழக எங்கே போவாள்? வீட்டுக்குப் போனால் படியேற முடியுமா? இரத்தம் உறையாதிருக்கும் ஊசியை யார் போடுவார்? சமைத்துக் கொடுக்க ஆளுண்டா? இவற்றுக்கெல்லாம் காப்பீடு பணம் கொடுக்குமா? மருத்துவருக்கு அடுத்த அறுவை காத்திருக்கிறது. வார்டுச் செவிலிக்கு அடுத்த மணி ஒலிக்கிறது. இக்கேள்விகளைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்பவளே கேஸ் மேனேஜர். நம் ஊரில் இதை உறவினர் பங்கிட்டுக்கொள்கின்றனர். மூத்த மகன் பணம் கட்டும் இடத்தில் நிற்பான். மருமகள் கஞ்சி கொண்டுவருவாள். மாமா ஒருவர் தெரிந்த டாக்டரிடம் பேசுவார். தனித்து வாழும் முதியோரும், சட்டதிட்டங்களும் மிகுந்த நாட்டில் இதற்குப் படித்த ஆள் ஒருவர் வேண்டியிருக்கிறது.

இவ்வேலை எங்கிருந்து தொடங்கியது என்பதும் அறியத்தக்கது. 1893-ஆம் ஆண்டில் லில்லியன் வால்டு என்னும் யூதகுலச் செவிலியார், நியூயார்க்கில் குடியேறிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதிக்குச் சென்று, வீடு வீடாக நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினார். மருந்து கொடுப்பதோடு நில்லாமல், வேலை, உணவு, பள்ளி ஆகியவற்றுக்கும் வழிதேடிக் கொடுத்தார். 1909-ஆம் ஆண்டில் மெட்ரோபாலிடன் லைஃப் என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அவருடைய யோசனையை ஏற்று, நோயுற்ற பாலிசிதாரர்களின் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பலாயிற்று. பாலிசிதாரர் நீண்டநாள் வாழ்ந்தால் நிறுவனத்துக்கும் ஆதாயமே. அத்திட்டம் 1953 வரை நடந்தது. ஆகவே காப்பீட்டு நிறுவனத்துச் செவிலி என்பவள் நேற்று முளைத்தவள் அல்லள். அவளுடைய முன்னோர் கைப்பையோடு படியேறி நோயாளியின் கட்டிலருகே அமர்ந்தவர்கள்.

மருத்துவமனையில் இவ்வேலை பெருகியதற்குக் காரணம் வேறு. 1965-ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தால், 65 வயது கடந்தோருக்கு ‘மெடிகேர்’ என்னும் அரசுக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் மருத்துவமனைக்கு ஆன செலவையே அரசு ஈடுசெய்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி, இன்ன நோய்க்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே வரையறுத்தது. நோயாளி 4 நாள் இருந்தாலும் 9 நாள் இருந்தாலும் பொதுவாகத் தொகை ஒன்றே. அன்றுமுதல் ஒவ்வொரு படுக்கை நாளும் மருத்துவமனைக்குக் கணக்காயிற்று. நோயாளியைக் காலத்தோடும் பத்திரமாகவும் வீடு சேர்க்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். பின்னர் 2012 முதல் இன்னொரு விதியும் சேர்ந்தது. இதயம் பலவீனமுற்றோர், நிமோனியாக் காய்ச்சல் கண்டோர் முதலிய சிலவகை நோயாளிகள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால், அம்மருத்துவமனைக்கு மெடிகேர் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதி பிடித்தம் செய்யப்படுகிறது. அனுப்ப அவசரம் ஒருபுறம், அனுப்பியபின் திரும்பி வராதிருக்க வேண்டும் என்ற கவலை மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவள் மருத்துவமனையின் கேஸ் மேனேஜர்.

அவளுடைய நாள் காலையிலேயே தொடங்கிவிடும். மருத்துவர், செவிலியர், நடைப்பயிற்சி தருவோர் ஆகியோருடன் கூடிப் பேசி, யார் யார் இன்று போகலாம் என்று பார்க்கிறாள். பிறகு கட்டில் கட்டிலாகச் சென்று நோயாளியையும் குடும்பத்தாரையும் காண்கிறாள். சட்டத்தின் நுணுக்கங்கள் அவளுக்கு விரல்நுனியில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்வோம். மெடிகேரின் பழைய முறையில், மருத்துவமனையில் உள்நோயாளியாக அடுத்தடுத்து 3 நாள் இருந்தவருக்கே, பின்னர் செவிலியர் இல்லத்தில் தங்கி நடைபழகும் செலவு கிடைக்கும். முதல் 20 நாள் முழுவதுமாக, அதன்பின் 100-ஆம் நாள் வரை ஒரு பகுதியாக. ஒருவர் கட்டிலில் படுத்திருந்தும் ஏட்டில் அவரை ‘கவனிப்பில் உள்ளவர்’ என்று எழுதியிருந்தால் அந்த நாள்கள் கணக்கில் சேரா. நம் மூதாட்டி இதை எவ்வாறு அறிவாள்? அறிந்து, உரிய நேரத்தில் மருத்துவரிடம் கேட்பவள் கேஸ் மேனேஜரே. இன்னும், அனுப்புவது முன்னதாகிறது என்று உள்நோயாளி கருதினால், வெளியார் குழுவொன்றிடம் முறையிட அவருக்கு மெடிகேரில் உரிமையுண்டு. அவ்வுரிமையை விளக்கும் தாள் அவருக்குத் தரப்படும். தாளை நீட்டிக் கையொப்பம் வாங்கிச் செல்வதும் உண்டு. அருகில் அமர்ந்து வாசித்து விளக்குவதும் உண்டு. வேலை ஒன்றே, உள்ளம் வேறு.

காப்பீட்டு நிறுவனத்திலோ ‘கேஸ் மேனேஜர்’ என்ற பெயரை ஒட்டி இருவகை வேலைகள் இருப்பதை நாங்கள் கண்டோம். ஒன்று, மருத்துவமனைகள் அனுப்பும் குறிப்புகளை, ‘இன்டர்குவால்’ முதலிய அளவுகோல் நூல்களோடு ஒப்பிட்டு, இந்தச் சிகிச்சை தேவைதானா, இத்தனை நாள் வேண்டுமா என்று சரிபார்ப்பது. இவ்வேலையில் செவிலி சம்மதம் தரலாம். தேவையில்லை என்று மறுப்பதாயின் அதை நிறுவனத்து மருத்துவரே செய்வது வழக்கம். மற்றது, நாள்பட்ட கடும் நோயுடையோரைத் தொலைபேசி வாயிலாகப் பல மாதங்கள் தொடர்ந்து கவனிப்பது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், உறுப்பு மாற்றம் பெற்றோர், வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்வோர் முதலானோர் இப்பிரிவில் அடங்குவர். முதல் வகைச் செவிலி பார்ப்பது காகிதத்தை. இரண்டாம் வகைச் செவிலி கேட்பது மனிதக் குரலை. வேலை தேடுவோர் இந்த வேறுபாட்டைக் கேட்டறியாமல் சம்மதித்துவிடலாகாது.

வசதிகளை மறைக்க வேண்டியதில்லை. காப்பீட்டு வேலையில் பெரும்பாலும் பகல் நேரமே பணி, முதுகுக்கு ஓய்வு, வீட்டிலிருந்தே செய்யும் வாய்ப்பும் உண்டு. மருத்துவமனையிலோ வாரக் கடைசியிலும் பண்டிகை நாளிலும் முறை வைத்து வர நேரும். மறுபுறத்தில், தொலைபேசி வேலையில் பேசிய அழைப்புகளையும் முடித்த கணக்குகளையும் கணினி எண்ணிக்கொண்டிருக்கும். கட்டிலருகே கற்ற கைப்பழக்கமும் சிறிது சிறிதாகத் தேயும். பின்னர் வார்டுக்குத் திரும்புவது எளிதன்று. பல மாநில நோயாளிகளோடு பேச வேண்டியிருப்பதால், பல மாநிலங்களில் செல்லும் உரிமமும் கேட்கப்படும். ஏறத்தாழ 40 மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்து ஒரே உரிமத்தை ஏற்கின்றன. டெக்ஸாஸும் அவற்றுள் ஒன்று. சம்பளம் ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

தகுதியைப் பொறுத்தவரை, பதிவு பெற்ற செவிலியாயிருந்து சில ஆண்டுகள் கட்டிலருகே பணிசெய்திருப்பதே அடித்தளம். அதற்கு மேல் ‘சி.சி.எம்.’ என்னும் சான்றிதழ் இரு இடங்களிலும் மதிக்கப்படுகிறது. அத்தேர்வை எழுத, சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் 12 மாதம், அல்லது அத்தகைய மேற்பார்வை இன்றி 24 மாதம் இவ்வேலையைச் செய்திருக்க வேண்டும். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அச்சான்றிதழுக்குரிய ஒழுக்க விதிகள், சொந்த நலத்தைவிடப் பொதுநலத்தை மேலாக வைக்கும்படி கட்டளையிடுகின்றன. சம்பளம் எவர் கொடுத்தாலும் இவ்விதி மாறாது.

இனிச் சிஸ்டர் அத்தையின் கேள்விக்கு வருவோம். மருத்துவமனையில் இருப்பவள் நோயாளியின் பக்கம், காப்பீட்டில் இருப்பவள் பணத்தின் பக்கம் என்று பிரித்துவிட முடியுமா? மேலே சொன்ன வரலாற்றைக் கவனிப்போர்க்கு அது அத்தனை எளிதன்று என்பது விளங்கும். படுக்கையை விரைவில் காலி செய்வது மருத்துவமனைக்கு ஆதாயம். செலவைக் குறைப்பது காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆதாயம். பணப்பை இரு இடத்திலும் இருக்கிறது. கன்னியர் நிறுவிய கத்தோலிக்க மருத்துவமனையும் மின்கட்டணத்தையும் சம்பளத்தையும் கொடுத்தே தீரவேண்டும்.

மகள் தன் வார்டு நாள்களில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொன்னாள். பக்கவாதம் கண்ட ஒருவரைத் தீவிரப் பயிற்சி தரும் மறுவாழ்வு மருத்துவமனைக்கு அனுப்ப மருத்துவர் விரும்பினார். அத்தகைய இடத்தில் சேர, நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 மணி நேரப் பயிற்சியைத் தாங்கும் வலிமை நோயாளிக்கு இருக்க வேண்டும் என்பது விதி. காப்பீட்டிலிருந்து சம்மதம் வரவில்லை. குடும்பத்தார் கலங்கினர். அன்று மாலை காப்பீட்டு நிறுவனத்துச் செவிலியே மருத்துவமனைக் கேஸ் மேனேஜரைத் தொலைபேசியில் அழைத்தாள். “நீங்கள் அனுப்பிய குறிப்பில் அவர் எவ்வளவு பயிற்சியைத் தாங்குகிறார் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. பயிற்சியாளரிடம் எழுதி வாங்கி இன்றே அனுப்புங்கள், எங்கள் மருத்துவரிடம் நானே கொண்டுபோகிறேன்” என்றாள். மறுநாள் காலை சம்மதம் வந்தது. ஒருவரையொருவர் கண்டிராத இரு செவிலியர், ஒரு நோயாளிக்காக இரு முனையிலிருந்தும் இழுத்தனர். அவள் அன்று அழைக்காதிருந்தாலும் எவரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். விதிப்படி அவள் வேலை முடிந்திருந்தது.

அந்நிகழ்ச்சியைக் கேட்டபின் உவமையை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். சமாரியன் ஒருவனே நோயாளியைக் கண்டவன், அவனே பணம் கொடுத்தவன். அவன் எண்ணிக் கொடுத்த காசுக்குப் பின்னால் அவன் தன் கையால் கட்டிய காயத்தின் நினைவு இருந்தது. இக்காலத்தில் கண்ட கண் ஓரிடத்திலும், கொடுக்கும் கை வேறிடத்திலும் இருக்கின்றன. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் அது தவிர்க்க முடியாதது. ஆயினும் அந்தக் கைக்கு அருகே, நோயாளியின் முகத்தைக் கண்டு பழகிய ஒருவரேனும் அமர்ந்திருந்தால் எவ்வளவோ நலம் விளையும். படுக்கைப்புண் எப்படி நாறும் என்று அறிந்தவள், வலியில் விழித்த இரவுகளை உடனிருந்து பார்த்தவள், ‘நடைப்பயிற்சி 10 நாள்’ என்ற எழுத்தைப் படிக்கும்போது அதன் பின்னே ஒரு மூதாட்டியைக் காண்பாள். நல்ல செவிலியர் எல்லாரும் அவ்விடத்தை வெறுத்து ஒதுங்கினால், அங்கே அமர்பவர் யாராயிருப்பர்?

எங்கள் மகள் இரு இடத்து நேர்முகத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்டாள். ஒருவருக்கு எத்தனை நோயாளிகள்? அவர்களோடு நான் பேசுவேனா, காகிதத்தை மட்டும் பார்ப்பேனா? இவருக்கு இன்னும் உதவி தேவை என்று நான் சொன்னால் அதை யார் கேட்பார்? மருத்துவமனையில் ஒருவருக்கு 20 கட்டில்களுக்கு மேல் என்றனர். காப்பீட்டு நிறுவனத்தார் கொடுக்கவிருந்தது சிறுநீரக நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் வேலை. நிறுவனத்து மருத்துவரோடு வாரந்தோறும் கலந்து பேச முறையுண்டு என்றனர். வார்டில் தான் அனுப்பிவைத்த நோயாளிகள் உப்பும் நீரும் கட்டுப்படாமல் திரும்பத் திரும்ப வந்ததை அவள் 12 ஆண்டுகள் கண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போனபின் அவர்களுக்கு என்ன நேருகிறது என்று அறியவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆவல். எனவே காப்பீட்டு வேலையையே தெரிந்துகொண்டாள். உறவினர் சொன்ன முடிவுதான், காரணம் வேறு. சிஸ்டர் அத்தையிடம் சொன்னபோது, “மாதம் ஒரு முறையாவது அவர்கள் குரல் உன் காதில் விழுமா?” என்று கேட்டார். “விழும் அத்தை” என்றாள். “அப்படியானால் போ. அந்தக் குரல் கேட்காத வேலைக்கு மாற்றினால் மட்டும் எனக்குச் சொல்” என்றார். முகம் மறவாதிருக்க வேண்டுமென்று, ஞாயிறுதோறும் தன் பங்கிலுள்ள வீட்டோடு முடங்கிய நோயாளிகளைச் சந்திக்கவும் அவள் தொடங்கியிருக்கிறாள்.

ஆகவே, பெண்மக்களை அயல்நாட்டுக்கு அனுப்பிய பெற்றோர்க்கு நாங்கள் கூறுவது இதுவே. வேலை மாறப்போகிறேன் என்று அவர்கள் சொல்லும்போது, சம்பளத்தையும் விடுமுறையையும் கேட்பது இயல்பே. முதுகும் குடும்பமும் கடவுள் தந்த கொடைகள் அல்லவா? ஆனால் அதோடு நின்றுவிடாமல், “அங்கே நோயாளிக்காக நீ பேசினால் கேட்பார்களா, மகளே?” என்றும் கேளுங்கள். மருத்துவமனைக்குப் போக விரும்புகிறவளைப் பிழைக்கத் தெரியாதவள் என்று சொல்லாதீர்கள். காப்பீட்டுக்குப் போகிறவளைப் பணத்துக்கு விலைபோனவள் என்றும் எண்ணாதீர்கள். ஊழியத்தை ஊழியமாக்குவது அவர்கள் அமரும் நாற்காலி அன்று.

மருத்துவமனைகளுக்கும் நோயாளிகளுக்கும் பாதுகாவலரெனத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1886-இல் அறிவித்தவர்களுள் ஒருவர் புனித கமில்லுஸ். பின்னர் செவிலியர்க்கும் அவரே பாதுகாவலரானார். அவர் தாமே காலில் ஆறாத புண்ணோடு உரோமை நகர மருத்துவமனையில் நோயாளியாய்க் கிடந்தவர். பிறகே நோயாளிகளுக்குப் பணியாளரானார். வரும் ஜூலை 14-ஆம் நாள் அவருடைய திருநாளன்று, கட்டிலருகே நிற்கும் நம் பெண்மக்களுக்காகவும், தொலைபேசியின் மறுமுனையில் காத்திருந்து கேட்கும் நம் பெண்மக்களுக்காகவும் குடும்பச் செபத்தில் ஒரு பத்து மணி செபமாலை ஒப்புக்கொடுப்போமாக.